ஐந்து கிலோவுக்கு எத்தனை டிகிரி

பிசியோதெரபி அறைக்கு வெளியே இருந்த நடையில் என் ஃபைலை நானே திறந்து பார்த்த நாளிலிருந்து இதைத் தொடங்குகிறேன். நோயாளி தன் ஃபைலைப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் திருடுகிறவளைப் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். போன வாரம், வலது முழங்கால், எண்பத்திரண்டு டிகிரி. இந்த வாரம், அறுபத்தெட்டு.

அந்த ஒரு வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கிப் பழகியிருந்தேன். அதற்குக் கிடைத்த கூலி, பதினான்கு டிகிரி பின்னடைவு. தாளை மறுபடி மறுபடி பார்த்தேன். எண் மாறவில்லை.

மூட்டு இறுகிப்போய், வாரந்தோறும் யாரோ ஒருவர் கையில் காலையோ தோளையோ கொடுத்துவிட்டு ஓர் எண்ணுக்காகக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வைத்தியம் தெரியாது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளப் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்தொன்பது வயது. வீடு மதுக்கரையில். கணவர் அருள்சாமிக்கு சிமென்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் பிரிவில் வேலை. நான் கோவையில் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் இருந்தேன். நூல் எவ்வளவு இழுத்தால் அறும் என்று பார்த்து எழுதுவது என் வேலை. என் அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் வெயிலில் நின்றவர்கள். நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன். அந்த நாற்காலியின் மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆசை உண்டு.

ஒரு மாலை டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, நடைமேடைக் கல்லின் விளிம்பில் வலது முட்டி மோதியது. பெரிய வலி இல்லை. அருகில் இருந்தவர்கள் தூக்கி உட்காரவைத்தார்கள். காலை நீட்டித் தூக்கலாம் என்று நினைத்தேன். தொடை இறுகியது, கால் எழவில்லை. வேறு யாருடைய காலுக்கோ கட்டளை போட்டது போல இருந்தது. வலிக்கு முன்னால் அந்தக் கீழ்ப்படியாமைதான் என்னைப் பயமுறுத்தியது.

பட்டெல்லா (முட்டிச் சில்லு) இரண்டாக விட்டுப்போயிருந்தது. கம்பி போட்டுக் கட்டினார்கள். தொடையிலிருந்து கணுக்கால் வரை ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து வந்த கால் மெலிந்து, தோல் உரிந்து கிடந்தது. முட்டி முப்பது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. அட்ஹீஷன் (அசைக்காமல் வைத்ததால் மூட்டுக்குள் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது) என்றார் டாக்டர். பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே இரண்டு பேர். மூத்தவர் செல்வராஜ், காங்கேயத்துக்காரர். காளை பிடித்த கை என்று தன் கையைத் தானே சொல்லிச் சிரிப்பார். மற்றவள் சுமதி, உடுமலைப்பேட்டைப் பெண், படிப்பு முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாரம் ஒருமுறை கோனியோமீட்டரை (மூட்டின் கோணத்தைக் காட்டும், இரண்டு கை நீண்ட பிளாஸ்டிக் அளவுகோல்) என் முட்டியின் பக்கவாட்டில் வைப்பார்கள். கட்டிலின் ஓரத்தில் நான் உட்கார, கணுக்காலைப் பிடித்துப் பின்னால் தள்ளுவார்கள். நான் போதும் என்று சொல்லும் இடத்தில் நிறுத்தி, எண்ணைப் படித்து எழுதுவார்கள். இதற்கு பாசிவ் ரேஞ்ச் (நாம் அசைக்காமல், அடுத்தவர் அசைத்துப் பார்க்கும் அளவு) என்று பெயர். எண்பத்திரண்டு செல்வராஜ் எழுதியது. அவர் லீவில் போய்விட, அடுத்த வாரம் சுமதி எழுதியது அறுபத்தெட்டு.

டாக்டர் கண்ணில் யார் எழுதியது என்பது படவில்லை. எண்தான் பட்டது. பின்னால் போகிறதே அம்மா என்றார். பொங்கல் கழிந்த வாரம் வரை பார்க்கலாம், ஏழு வாரம் இருக்கிறது, தொண்ணூறு டிகிரி வரவில்லையென்றால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடலாம் என்றார். மேனிபுலேஷன் (நோயாளி நினைவில்லாமல் இருக்கும்போது மூட்டைப் பலமாக மடக்கி, ஒட்டியதைப் பிய்ப்பது) என்று ஃபைலில் எழுதினார். ஆபத்து உண்டா என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. கம்பி போட்ட இடம் மறுபடி விட்டுப்போகலாம், சொல்லாமல் செய்ய மாட்டேன் என்றார்.

விட்டுப்போனால் மறுபடி ஆபரேஷன், மறுபடி மாவுக்கட்டு, மறுபடி முப்பது டிகிரி. மில்லில் அதுவரை என் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதைவிட, நான் மயங்கிக் கிடக்கும்போது யாரோ என் காலை ஒடியும் அளவுக்கு அழுத்துவார்கள் என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. அந்த ஆபரேஷன் அறைக்குள் நான் போகப்போவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

தெரியாதவர்கள் செய்கிற முதல் முட்டாள்தனத்தை நானும் செய்தேன். வீட்டில் கணுக்காலில் துண்டைக் கட்டி இழுத்தேன். போதாது என்று அருள்சாமியை அழுத்தச் சொன்னேன். சிமென்ட் மூட்டை தூக்கிய கை அது. மூன்றாம் நாள் முட்டி பறங்கிக்காய் போல வீங்கிவிட்டது. அவர் பயந்துபோய் என்னைத் திட்டினார்.

“ஏனம்மிணி, நீ சொன்னாத்தான நான் நிறுத்துவேன்? பல்லைக் கடிச்சுட்டுக் கம்முனு கெடந்தா எனக்கெப்புடித் தெரியும்?”

அவர் கேட்டதன் முழு அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீங்கிய காலோடு திங்கட்கிழமை போனேன். செல்வராஜ் லீவு முடிந்து வந்திருந்தார். அளந்தார். எண்பது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வியாழக்கிழமை சுமதியிடம் கெஞ்சி மறுபடி அளக்கச் சொன்னேன். அறுபத்தாறு. ஒரே வாரம், ஒரே வீக்கம், ஒரே முட்டி.

அன்று உக்கடத்திலிருந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்குப் புத்தி வந்தது. எங்கள் சோதனைக்கூடத்தில் கைப்பிடி சுற்றி நூலை இழுக்கும் பழைய இயந்திரம் ஒன்று உண்டு. வேகமாகச் சுற்றினால் ஓர் எண், மெதுவாகச் சுற்றினால் வேறோர் எண். நூல் அதேதான். இரண்டு ஷிஃப்டின் எண்கள் ஒத்துவரவில்லையென்றால் நாங்கள் நூலைக் குறை சொல்வதில்லை, சுற்றியது யார் என்று கேட்போம். பன்னிரண்டு வருடம் அடுத்தவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. என் காலென்று வந்தபோது மறந்துவிட்டேன். எண்ணைப் பார்த்ததும் என்னையே குறை சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் சுமதியிடம் நேராகவே கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அளவு பலத்தில்தான் தள்ளுகிறீர்களா என்றேன். என் குரலில் சூடு இருந்திருக்க வேண்டும். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்ற கையை மட்டும் சொல்லாதீங்கக்கா. நீங்க போதும்னு சொன்னா நானும் நிறுத்தறேன், சாரும் நிறுத்தறாரு. ஆனா அவருகிட்ட நீங்க சொல்றதே இல்லீங்களே. வலிக்குதுங்களான்னு அவரு கேட்டா, பரவாயில்லீங்கறீங்க. கண்ணுல தண்ணி நிக்குது, அப்பவும் பரவாயில்லீங்கறீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. உண்மை என்பதால்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் நமக்காகப் பாடுபடும்போது, நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வராது. அதுவும் வயதில் பெரியவர், ‘சார்’ என்று கூப்பிடப்படுகிறவர். விருந்தில் இலையில் போட்டுக்கொண்டே போகிறவரைத் தடுக்கவே நாலு முறை ‘ங்க’ போட்டு இழுக்கிறவர்கள் நாங்கள். செல்வராஜிடம் என் வலி மரியாதை பார்த்தது. சுமதி என் தங்கை மாதிரி. அவளிடம் பாதி வழியிலேயே ‘போதும் கண்ணு’ என்று சொல்லிவிட எனக்குக் கூச்சமில்லை. அவளும் இளகிய மனசுக்காரி. அக்கா முகம் சுளித்தால் நான் சொல்வதற்கு முன்பே அவள் கை தளர்ந்துவிடும். ஆக, ஃபைலில் இருந்த எண்கள் என் முட்டியைப் பற்றியவை அல்ல. நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையின் கணக்கு அது. அந்த மரியாதை என்னை ஆபரேஷன் அறைவரை கொண்டுபோய்விட்டது.

அறையின் மூலையில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. சுமதிதான் அதை மேசைமேல் தூக்கி வைத்தாள். உங்கள் காலைத் தள்ளுகிற அதே பலத்தில் கையால் அழுத்துகிறேன், நீங்கள் முள்ளைப் பாருங்கள் என்றாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். நான்கு கிலோ. மறுபடி அதே அளவு என்றாள், ஆறரை. மூன்றாவது முறை ஐந்து. செல்வராஜ் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். இருபது வருசக் கை இது, ஒரு நூல் பிசகாது என்று சொல்லி அழுத்தினார். பன்னிரண்டு. அடுத்து ஒன்பது. அடுத்து பதினான்கு. நாலாவது முறை அவர் சிரிக்கவில்லை. கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன சுமதி, உடுமலைப்பேட்டையில் தன் அப்பாவின் கொப்பரைக் கடையிலிருந்து ஒரு ஸ்பிரிங் தராசைக் கொண்டுவந்தாள். மேலே வளையம், கீழே கொக்கி, நடுவில் முள் இறங்கும் கோடுகள். ஆஸ்பத்திரி சமையலறையிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லை வாங்கி வந்து மாட்டிப் பார்த்தோம். முள் ஐந்துக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. அது நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். எங்களுக்கு அதுதான் ஐந்து கிலோ.

கணுக்காலுக்கு நாலு விரல் மேலே துணிப் பட்டை. பட்டை எப்போதும் அதே இடத்தில் இருக்க, தோலில் ஒரு மைப் புள்ளி. தராசு காலுக்கு நேர் குறுக்காக இருக்க வேண்டும், சாய்ந்தால் அதே ஐந்து கிலோவின் பலம் காலுக்கு முழுதாகப் போய்ச் சேராது. முள் கோட்டைத் தொட்டதும் பத்து எண்ண வேண்டும். அதன் பிறகுதான் கோணம் பார்ப்பது. இழுப்பவர் கோணத்தைப் பார்க்கக் கூடாது, பார்ப்பவர் இழுக்கக் கூடாது. எப்போதும் காலை பதினோரு மணி, மெழுகு ஒத்தடத்துக்கு முன்னால், ஏனென்றால் ஒத்தடம் கொடுத்த முட்டி கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்ளும். இதில் பாதி சுமதியின் மூளை, பாதி என் சோதனைக்கூடத்துப் பிடிவாதம்.

நான் போதும் என்று சொல்கிற வேலையே அதில் இல்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

முதல் நாள் அறுபத்தொன்று வந்தது. செல்வராஜின் எண்பதைவிடக் குறைவு, சுமதியின் அறுபத்தாறைவிடவும் குறைவு. அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன். ஐந்து வாரத்தில் இதிலிருந்து தொண்ணூறா என்றேன். சுமதி ஆறுதல் சொல்லவில்லை. தாளில் அறுபத்தொன்று என்று எழுதி, பக்கத்தில் ஐந்து கிலோ என்றும் எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து அறுபத்தொன்று. பிறகு அறுபத்துமூன்று. வீக்கம் வற்றியது, அறுபத்தாறு. ஒரு நாள் அறுபத்தைந்து, அதற்குக் காரணம் முந்தின நாள் நான் அதிகமாக நடந்தது. முன்பெல்லாம் பதினான்கு டிகிரி போனாலும் ஏன் என்று தெரியாது. இப்போது ஒரு டிகிரி போனாலும் காரணம் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எல்லாருக்கும் கேக் கொண்டுபோனேன். தராசுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது, எழுபத்திரண்டு என்றது. பொங்கலன்று நான் வீட்டில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோதும் அடுத்த எண் என்னவாக இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அருள்சாமியும் கற்றுக்கொண்டார். மெதுவாகத் தள்ளுவார், நான் போதும் என்றால் நிறுத்துவார். நானும் கற்றுக்கொண்டேன். தாங்க முடியாத இடத்தில் இல்லை, தாங்க முடிகிற கடைசி இடத்தில் சொல்ல. கட்டிய கணவரிடம் அதைச் சொல்லப் பத்து நாள் ஆனது எனக்கு.

கடைசி அளவு எண்பத்துநான்கு. மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரே இரவில் ஆறு டிகிரி எங்கிருந்து வரும்?

டாக்டரைப் பார்க்கப் போன காலையில், நடையில் செல்வராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏனுங்கம்மா, நான் ஒருக்கா அளந்து எழுதிப்போடறேனுங்க. தொண்ணூத்திரண்டு வந்துருமுங்க. பொய்யில்லீங்க, என்ற கைக்கு நெசமாவே வருமுங்க.”

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு ஆசையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரே ஒரு எண், ஃபைலில் ஏறிவிட்டால் மயக்க மருந்து இல்லை. ஆனால் அடுத்த வாரம் தராசு மறுபடி எண்பத்தைந்து என்று சொல்லும், டாக்டர் மறுபடி பின்னால் போகிறதே என்பார். அதோடு, படியேறும்போது செல்வராஜின் கை என் பின்னால் வராது. வேண்டாமுங்க என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் ‘வேண்டாம்’ அது. அவர் வருத்தப்பட்டாரா தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

டாக்டர் தாளைப் பார்த்தார். எண்பத்துநான்குதானே அம்மா, தொண்ணூறு வரவில்லையே என்றார். தராசைப் பற்றிச் சொன்னேன். சுமதி வாசலில் நின்றுகொண்டிருந்தாள், வாய் திறக்கப் பயந்தாள். டாக்டர் எழுந்து வந்து, நானே பார்க்கிறேன் என்று என் கணுக்காலைப் பிடித்தார். தள்ளினார். எண்பது இருக்கும், எண்பத்துமூன்று இருக்கும். முட்டிக்குள் அந்த இறுக்கம் வந்தது.

“வலிக்குதாம்மா?”

வாய் பழக்கத்தில் ‘பர’ என்று தொடங்கிவிட்டது. அவர் கை இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட் போட்ட பெரிய டாக்டர், வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்.

“வலிக்குதுங்க சார். நிறுத்துங்க. இதான் கடைசிங்க.”

கை நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோனியோமீட்டரை வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். எண்பத்தைந்து. பிறகு தராசைக் கேட்டார். சுமதி மாட்டிக் கொடுத்தாள். முள் பேனாக் கோட்டைத் தொடும்வரை அவர் இழுத்தார், சுமதி கோணத்தைப் படித்தாள். எண்பத்துநான்கு.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து தாளை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். அறுபத்தொன்று, அறுபத்துமூன்று, அறுபத்தாறு, எழுபத்திரண்டு. எல்லாம் இதே ஐந்து கிலோவா என்று கேட்டார். ஆமாங்க என்றோம் இரண்டு பேரும். நகர்கிற மூட்டை நான் எதற்குப் பிய்க்க வேண்டும் என்றார். நாலு வாரம் கழித்து வரச் சொன்னார். மேனிபுலேஷன் என்ற வார்த்தைமேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

வெளியே வந்து அருள்சாமியிடம் அதையே இரண்டு முறை சொன்னேன். காலைக் காப்பாற்றிக்கொண்ட சந்தோஷம்தான். ஒரு பெரிய மனிதரிடம் நிறுத்துங்க என்று சொல்லிவிட்ட பயமும் அதில் கலந்திருந்தது.

உங்கள் மூட்டை அளக்கிறவர்களிடம் கேளுங்கள். போன முறை அளந்தது யார், இந்த முறை யார், எவ்வளவு பலத்தில் தள்ளினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். சுமதி கோபித்துக்கொண்டாள், மறுநாளே தராசைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பதிலும் அளவின் ஒரு பகுதி. நான் அதைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தேன், நல்ல பெண்ணாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

நாலு வாரத்தில் தொண்ணூற்றேழு ஆனது. கோடை வரும்போது நூற்றுப்பத்து. நூற்றிருபத்தொன்றில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. கோயிலில் எல்லாரும் முழந்தாளிடும்போது நான் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து தலையை மட்டும் குனிகிறேன். சம்மணம் போட்டு உட்கார்வதில்லை. மில் நாற்காலி திரும்பக் கிடைத்தது. மழை வரும் முன் முட்டி அறிந்துவிடுகிறது. இப்போது எனக்கு நாட்கள் கிழமைகளாக வருவதில்லை, நடந்த நாள், ஓய்வெடுத்த நாள், இறுகிய நாள் என்று வருகின்றன.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சாய்ந்தேன். அடிபட்டதிலிருந்து மல்லாந்து, வலது காலை நீட்டியேதான் தூங்குவேன். கண் விழித்தபோது பக்கவாட்டில் ஒருக்களித்துக் கிடந்தேன். இரண்டு முட்டிகளும் வயிற்றுப் பக்கம் மடங்கியிருந்தன, சின்னப் பிள்ளைகள் தூங்குவது போல. எது வலது என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை. அருள்சாமி காப்பி வேண்டுமா என்று உள்ளேயிருந்து கேட்டார். கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, அப்படியே அசையாமல் படுத்திருந்தேன். எத்தனை டிகிரி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.